சம்பந்தப்பட்டவரின் கருத்து

செல்வராஜ் அனுப்பிய கோப்பு எதுவும் மேலிடத்திலிருந்து திரும்பி வந்ததில்லை என்று என் வீட்டுக்காரர் சொல்வார். இருவருக்கும் ஒரே அமைச்சகம், ஒரே மாடி. எவ்வளவு சின்ன விஷயமாக இருந்தாலும், அதில் யார் யாருக்குச் சம்பந்தம் உண்டோ அத்தனை பேரின் கருத்தையும் வாங்காமல் செல்வராஜ் கோப்பை நகர்த்த மாட்டார். மாடிப்படியில் ஒரு பல்பு மாற்றுவதற்கு நாலு பிரிவுகளைக் கேட்டவர் என்று அலுவலகத்தில் இன்றும் கேலி உண்டு. கேலி செய்தவர்களே தங்கள் லீவுப் பயணச் சலுகை பில்லில் சிக்கல் வந்தால் அவர் மேஜைக்குத்தான் ஓடுவார்கள்.

அப்படிப்பட்ட மனிதர் தன் வீட்டு விஷயத்தில் என்ன செய்தார் என்பதுதான் கதை. எனக்கு எப்படித் தெரியும் என்றால், கிட்வாய் நகரில் அவர்கள் வீடும் எங்கள் வீடும் எதிரெதிர்க் கதவு. பாதிக் கதையை அவர் மனைவி சாந்தகுமாரி காலை நடையில் என்னிடம் சொன்னாள். மீதிப் பாதியை அவர் எங்கள் வீட்டு சோபாவில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டே சொன்னார். இரண்டையும் ஒட்டுப்போட்டது நான். நான் நடுநிலைக்காரி இல்லை என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். சாந்தா போய்விட்டால் காலையில் என்னோடு நடக்க ஆள் கிடையாது.

செல்வராஜுக்கு அம்பாசமுத்திரம் பக்கம். பரீட்சை எழுதி, வேலை கிடைத்து, ஒரு தகரப் பெட்டியோடு தில்லியில் வந்து இறங்கியபோது மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. அன்றைக்கு ஆரம்பித்தது, "ரிட்டயர் ஆன மறுநாள் ஊருக்குப் போயிருவேன்" என்ற பேச்சு. தில்லிக் குளிரைத் திட்டுவார், தண்ணீரைத் திட்டுவார், கத்திரிக்காயைத் திட்டுவார். இத்தனை வருஷம் ஆகியும் அவருடைய இந்தியைக் கேட்டால் காய்கறிக்காரருக்கே பாவமாக இருக்கும். சர்க்காரில் சேரும்போதே சொந்த ஊர் எது என்று சொல்ல வேண்டும். அவர் அம்பாசமுத்திரம் என்றார். கல்யாணத்துக்குப் பிறகு சாந்தாவுக்கும் அதுவே சொந்த ஊர் ஆயிற்று. சலுகையில் பயணம் வரும்போதெல்லாம் தவறாமல் அங்கேதான் போனார்கள். காரில் ஒரு பகல் ஓட்டினால் இமயமலை. அதை அவர்கள் காலண்டரில்தான் பார்த்திருந்தார்கள்.

சாந்தாவோ கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸில் பிறந்தவள். அவள் அப்பாவும் திருநெல்வேலிக்காரர், சர்க்கார் குமாஸ்தா. அவளுக்குத் தமிழ் வாயில் வரும், எழுத்தில் தடுமாறும். கோபம் வந்தால் இந்திதான். கணக்கில் புலி. எங்கள் காலனியில் பாதிப் பிள்ளைகள் அவளிடம் டியூஷன் படித்துத்தான் பத்தாவது தாண்டினார்கள்.

செல்வராஜுக்கு மார்ச்சில் ஓய்வு. அதற்குப் பிறகு குவார்ட்டர்ஸைக் காலி செய்தாக வேண்டும். பாளையங்கோட்டையில் ஒரு அடுக்குமாடி பிளாட் விலைக்கு வருகிறது என்று அவருடைய அண்ணன் போன் செய்தார். செல்வராஜ் படத்தைப் பார்த்தார், திசையைப் பார்த்தார், குடிதண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று விசாரித்தார். வக்கீலைக் கேட்டார், வங்கியைக் கேட்டார், என் வீட்டுக்காரரைக்கூடக் கேட்டார். சாந்தாவிடம் மட்டும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நவம்பர் கடைசிக்குள் முடிவு சொன்னால் போதும் என்று அண்ணன் தவணை கொடுத்திருந்தார்.

விஷயம் தெரிந்ததும் நேரே அவரிடம் போனேன். "சாந்தாகிட்ட சொல்லிட்டீங்களா?" என்று கேட்டேன். நல்ல சமயம் பார்த்துச் சொல்ல வேண்டும் என்றார். அந்த நல்ல சமயத்தை அவர் மகள் வைஷ்ணவி பெங்களூரிலிருந்து ஏற்பாடு செய்து கொடுத்தாள். அப்பா அம்மாவின் முப்பதாவது கல்யாண நாளுக்குப் பரிசாக, கட்வால் மலையில், பௌரியைத் தாண்டி, சாலை முடியும் இடத்தில் ஒரு சின்ன ஓட்டலில் அறை போட்டாள். ஜன்னலைத் திறந்தால் பனிச் சிகரங்கள் என்று படம் வேறு அனுப்பினாள்.

நவம்பர் கடைசி வாரம் இவர்கள் புறப்பட்ட கோலத்தை நான் மாடியிலிருந்து பார்த்தேன். பழைய வேகன்-ஆரின் பின் இருக்கை முழுக்கச் சமையலறை. புளியோதரை, இட்லி, மிளகாய்ப்பொடி, பருப்புப்பொடி, நார்த்தங்காய் ஊறுகாய், ஒரு தூக்கில் தயிர், இரண்டு கிலோ பொன்னி அரிசி, எல்லாவற்றுக்கும் நடுவே சீட் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தது கரண்ட் குக்கர். ஓட்டலில் சாப்பாடு தருவார்களே என்றேன். தருவார்கள், ஆனால் அது ரொட்டியாக இருக்கும் என்றார் செல்வராஜ். சலுகைப் பயணம் போகும் நம்மவர்களில் யாரிடம் அந்தக் குக்கர் இல்லை? காசி, கயா, கௌஹாத்தி எல்லாவற்றையும் எங்கள் வீட்டுக் குக்கர் பார்த்திருக்கிறது.

மீரட், நஜீபாபாத், கோட்துவார் என்று போய், மலை ஏறி, சாயங்காலம் ஓட்டலை அடைந்தார்கள். ஆறு அறைகள். பைன் மரங்களுக்கு நடுவே தகரக் கூரை. எதிரே பள்ளத்தாக்கு, அதற்கு அப்பால் சிகரங்கள் இருக்க வேண்டிய இடத்தில் மேகம். இவர்களைத் தவிர வேறு விருந்தாளி இல்லை. ஓட்டல்காரர் நேகி வாசலில் நின்று வரவேற்றார். அறுபதைத் தாண்டியவர், கம்பளித் தொப்பி, சிரித்த முகம். நீங்கள் எந்த ஊர்க்காரர்கள் என்று இந்தியில் கேட்டார்.

"திருநெல்வேலி" என்றார் செல்வராஜ். "தில்லி" என்றாள் சாந்தா. இரண்டும் ஒரே மூச்சில் வந்தன.

நேகி இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சாவியைக் கொடுத்தார். செல்வராஜுக்கு அது சுருக்கென்றது. முப்பது வருஷத்தில் இந்தக் கேள்வியை இருவரிடமும் சேர்த்து யாரும் கேட்டதில்லையா, அல்லது கேட்டபோதெல்லாம் அவரே பதில் சொல்லிவிட்டாரா என்று அறைக்குப் போகும் வழியெல்லாம் யோசித்தாராம்.

அறையில் பல் கிட்டும் குளிர். சாந்தா கீசரைப் போட்டாள். செல்வராஜ் ஹீட்டரைப் போட்டார். பிறகு, சூடாக ரசஞ்சாதம் சாப்பிட்டுவிட்டு விஷயத்தை ஆரம்பிக்கலாம் என்று கணக்குப் போட்டு, குக்கரையும் செருகினார். அரிசி கொதித்து வரும் நேரம் டப்பென்று ஒரு சத்தம். விளக்கு போயிற்று. ஜன்னல் வழியே பார்த்தால் ஓட்டல் முழுக்க இருட்டு. கீழே கிராமத்தில் எரிந்த நாலைந்து விளக்குகளும் காணோம்.

படிக்கட்டில் நேகியின் டார்ச் வெளிச்சம் ஏறி வந்தது. சுவரில், அறையில் சமைக்கக் கூடாது என்று இந்தியில் கொட்டை எழுத்தில் எழுதியிருந்ததை சாந்தா அப்போதுதான் கவனித்தாள். செல்வராஜ், விதிமுறைகளைத் தலைகீழாக ஒப்பிக்கும் செக்‌ஷன் ஆபீசர், குக்கரைத் தூக்கிக் கட்டிலில் வைத்து அதன்மேல் ரஜாயை, அந்தக் கனத்த பஞ்சுப் போர்வையை, போர்த்தினார். கதவு திறந்தபோது ரஜாயின் நாலு பக்கமும் ஆவி வந்துகொண்டிருந்தது.

"இன்னிக்கு நெனச்சாலும் எனக்கு சிரிப்பு அடங்கல அக்கா" என்றாள் சாந்தா. "படுக்கைல யாரோ ஜுரத்துல கெடக்குற மாதிரி இருந்துச்சு."

அவள்தான் முன்னால் போய் உண்மையைச் சொன்னாள். தப்பு எங்களுடையது, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று இந்தியில் சொன்னாள். நேகி ரஜாயைத் தூக்கிப் பார்த்தார், மோந்து பார்த்தார், பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். சோறு பாதி வெந்திருக்கிறது, கீழே விறகு அடுப்பு எரிகிறது, கொண்டு வாருங்கள் என்று குக்கர் பாத்திரத்தை அவரே தூக்கிக்கொண்டு நடந்தார்.

ஓட்டல் சமையலறை அடுப்பருகே மூன்று பேரும் மணை போட்டு உட்கார்ந்தார்கள். நேகி தானே சமைத்த கொள்ளுப் பருப்பு, இவர்களுடைய சோறு, நார்த்தங்காய் ஊறுகாய். தில்லியில் எங்கே என்று நேகி கேட்டார். பிறந்தது கோல் மார்க்கெட் என்றாள் சாந்தா. நேகி கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். அவரும் லோதி ரோட்டில் ஒரு அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர், குடியிருந்தது கோல் மார்க்கெட்டில்தான், இவள் வீட்டுக்கு நாலு வரிசை தள்ளி.

அப்புறம் செல்வராஜுக்கு அங்கே வேலை இல்லாமல் போயிற்று. மந்திர் மார்க்கில் எந்த மரத்தடியில் சைக்கிள் பஞ்சர் ஒட்டுவார்கள், ராம்லீலாவில் அனுமார் வேஷம் கட்டிய பால்காரர் யார், மழை பெய்தால் எந்தத் திருப்பத்தில் தண்ணீர் நிற்கும் என்று இருவரும் பேசினார்கள். குளிர்காலத்தில் வீட்டு வாசல் புல்வெளியில் கட்டில் போட்டு, வரிசையில் உள்ள எல்லாப் பெண்களும் வெயிலில் உட்கார்ந்து பச்சைப் பட்டாணி உரிப்பார்களே என்றார் நேகி. உரித்ததில் பாதி பிள்ளைகள் வாயில் போய்விடும் என்றாள் இவள். சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். புகை என்று நேகி அடுப்பை ஊதினார்.

செல்வராஜ் என்னிடம் சொன்னதை அப்படியே சொல்கிறேன். "அவ சின்னப்பிள்ளையா இருந்தது எங்கன்னு நான் ஒருநாளும் கேட்டதில்ல. குவார்ட்டர்ஸ்னா அது ஒரு ஊரான்னு இருந்துட்டேன்."

உங்கள் வீட்டம்மா எங்கே என்று சாந்தா நேகியிடம் கேட்டாள். தில்லியில், மகனோடு, என்றார். ஓய்வு பெற்ற பணத்தில் பூர்வீக நிலத்தில் இந்த ஓட்டலைக் கட்ட ஆரம்பித்து, ஜன்னலுக்கு எந்த மரம் என்பதுவரை எல்லாம் முடிவாகிற வரைக்கும் மனைவிக்குத் தெரியாமலே வைத்திருந்தாராம், ஆச்சரியப்படுத்த வேண்டும் என்று. அவள் வந்து பார்த்தாள், நன்றாக இருக்கிறது என்றாள், பதினைந்து நாள் இருந்துவிட்டுப் பஸ் ஏறிவிட்டாள். இப்போது மே மாத விடுமுறைக்கு வருவாள், விருந்தாளி மாதிரி. நேகி இதைச் சோகமாகச் சொல்லவில்லை. நாளைக்கு மழை வரும் என்று சொல்வதைப்போலச் சொன்னார். ஊறுகாயை இன்னொரு துண்டு போட்டுக்கொண்டார்.

செல்வராஜ் அன்று விஷயத்தை ஆரம்பிக்கவில்லை. மறுநாளும் ஆரம்பிக்கவில்லை. மறுநாள் முழுக்க மேகம்தான். இருவரும் பைன் காட்டுக்குள் கொஞ்சம் நடந்தார்கள். வழியில் பூட்டிக் கிடந்த கல் வீடுகளைப் பார்த்தார்கள். வீட்டுக்காரர்கள் எல்லாம் எங்கே என்று சாந்தா புல் சுமந்து போன ஒரு பெண்ணைக் கேட்டாள். தில்லியில் என்றாள் அவள். செல்வராஜ் விறுவிறுவென்று முன்னால் நடந்தாராம்.

அந்த மலையில் போன் எடுப்பது ஒரே ஒரு திருப்பத்தில்தான். மூன்றாம் நாள் காலை, இன்றைக்கு அண்ணனுக்குப் பதில் சொல்லியாக வேண்டுமே என்று செல்வராஜ் அங்கே போனபோது நேகி அவருக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். மனைவியோடு பேசிக்கொண்டிருந்தார். நேற்று என்ன சமைத்தாய், பட்டாணி மார்க்கெட்டுக்கு வந்துவிட்டதா, முழங்கால் எப்படி இருக்கிறது, தைலம் போட்டாயா. தினமும் இதே கேள்விகள்தான் என்று பிறகு தெரிந்தது. பேசி முடித்து, இடத்தை விட்டுக்கொடுப்பதுபோல ஒதுங்கி நின்று, வாருங்கள், உங்கள் முறை என்றார்.

அண்ணன் முதல் மணியிலேயே எடுத்துவிட்டார். பத்திரம் எழுதலாமா, சரி என்று ஒரு வார்த்தை சொல் என்றார்.

"சாந்தாட்ட இன்னும் கேக்கலண்ணே" என்றார் செல்வராஜ்.

"ஏலே, வீடு வாங்குறதுக்குப் பொம்பளையாள்ட்ட என்னலே கேக்க வேண்டிக் கெடக்கு?"

இதே வார்த்தையை ஒரு மாதத்துக்கு முன்னால் கேட்டிருந்தால் அவரும் சிரித்திருப்பார். அவரே ஒப்புக்கொண்டார். அன்றைக்குச் சிரிக்க முடியவில்லை. அப்புறம் பேசுகிறேன் என்று போனை வைத்துவிட்டு அறைக்குத் திரும்பினார்.

சாந்தா ஜன்னலோரம் உட்கார்ந்து சால்வைக்குள் கையை விட்டுக்கொண்டு டீ ஆறக் காத்திருந்தாள். செல்வராஜ் ஷூவைக்கூடக் கழற்றாமல் சொல்ல ஆரம்பித்தார். பாளையங்கோட்டை, பிளாட், அண்ணன், இரண்டாவது மாடி, கிழக்குப் பார்த்த வாசல். சொல்லி முடித்துவிட்டு, "நீ என்ன சொல்லுத?" என்று கேட்டார்.

அவள் டீயை எடுத்துக் குடித்தாள். "எனக்குத் தெரியும். புரட்டாசிலயே உங்க மதினி போன்ல சொல்லிட்டாங்க."

"பெறவு ஏன் ஒண்ணும் கேக்கல?"

"நீங்க கேப்பீங்கன்னு உக்காந்திருந்தேன்" என்றாள் சாந்தா. "உங்க ஆபீஸ்ல ஒரு பல்பு மாத்த எத்தனை பேரைக் கேப்பீங்க? இந்த மாதிரி ஒரு ஃபைல் உங்க மேஜைக்கு வந்தா கையெழுத்துப் போடுவீங்களா?"

போட மாட்டேன் என்றார் அவர். இந்த இடத்தைச் சொல்லும்போது எங்கள் வீட்டில் காபி டம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

பிறகு அவள் பேசினாள். குரலை உயர்த்தவில்லை. அவள் அம்மா கோல் மார்க்கெட்டில் ஒரு ஆயுசு இருந்தவள். அப்பா ஓய்வு பெற்றதும் பெட்டி படுக்கையோடு ஊருக்குக் கூட்டிப் போனார். போகிறாயா என்று யாரும் கேட்கவில்லை. "அங்க போன அப்புறம் ஒவ்வொரு போன்லயும் அம்மா ஒண்ணே ஒண்ணுதான் கேப்பா. மட்டர் வந்துடுச்சாடீன்னு. சாகுற வரைக்கும் அதையேதான் கேட்டா. எனக்கு அப்போ புரியலைங்க. பட்டாணி மேல என்ன இவ்வளவு ஆசைன்னு நெனச்சேன்." இவள் கதையும் அப்படித்தான். மாமியார் வீட்டில் இத்தனை வருஷமாகியும் இவள் அவர்களுக்கு டில்லிக்காரிதான். பிறந்த வீடு சர்க்காருடையது, வாழ்ந்த வீடு சர்க்காருடையது, காலி செய்து காலி செய்தே வளர்ந்தவளுக்கு ஊர் என்று சொல்லிக்கொள்ள அந்தத் தெருக்கள்தான் மிச்சம்.

"நீங்க கேட்டதால சொல்றேன்" என்றாள் கடைசியில். "நான் வரலை. நீங்க போறதுன்னா போங்க, தடுக்க மாட்டேன். மே மாசம் வந்து பாத்துட்டுப் போறேன்."

அவள் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை என்று என்னிடம் சத்தியம் செய்தாள். நான் நம்புகிறேன். ஆனால் அவர் எழுந்து வெளியே போய்விட்டார். அந்த நேரம் பார்த்து மேகம் விலகிச் சிகரங்கள் எல்லாம் வெள்ளை வெளேரென்று நின்றன. நேகி வந்து கதவைத் தட்டி, பாருங்கள், பாருங்கள் என்றார். சாந்தா ஒருத்திதான் பார்த்தாள். செல்வராஜ் அந்தப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு போன் எடுக்கும் திருப்பத்துக்கு நடந்துகொண்டிருந்தார்.

அண்ணனிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அண்ணன் திட்டிய திட்டு இங்கே எழுதத் தகாதது. செல்வராஜ் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். போனை வைத்த பிறகு, அந்தத் திருப்பத்துக் கல்லில் உட்கார்ந்து அழுததாகச் சொன்னார். தில்லிக்கு வந்த நாளிலிருந்து அவர் பொறுத்துக்கொண்ட அத்தனையையும் ஊருக்குப் போய்விடுவோம் என்ற ஒரு நினைப்பை வைத்துத்தான் பொறுத்துக்கொண்டார். அதை அவரே தன் கையால் மூடியாயிற்று. எனக்கு வேண்டிய முடிவுதான் அது. ஆனாலும் அவர் அதைச் சொன்னபோது என்னால் அங்கே உட்கார முடியவில்லை. இன்னொரு காபி போட்டுக்கொண்டு வருகிறேன் என்று உள்ளே எழுந்து போய்விட்டேன்.

இப்போது அவர்கள் மயூர் விஹாரில் வாடகைக்கு இருக்கிறார்கள். காலை நடைக்கு சாந்தா கிடையாது, ஞாயிற்றுக்கிழமை மெட்ரோ பிடித்து நான்தான் போகிறேன். செல்வராஜ் தில்லிக் கத்திரிக்காயைத் திட்டுவதை விடவில்லை. திட்டிக்கொண்டே குளிர்கால வெயிலில் பால்கனியில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக் கொடுக்கிறார். சர்க்கார் வேலை பார்த்தவர் அல்லவா, ஒரு மணிகூடச் சிந்துவதில்லை.

அந்தப் பயணத்தில் இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. திரும்பி வரும்போது நஜீபாபாத் தாண்டி ஒரு தாபாவில் நிறுத்தினார்கள். அடுத்த கயிற்றுக் கட்டிலில் ஒரு வயதான தம்பதி, பிஜ்னோர் பக்கத்துக்காரர்கள், பேத்தியைப் பார்க்கப் போகிறவர்கள். இவர்கள் தட்டில் பராத்தாவுக்குப் பக்கத்தில் மிளகாய்ப்பொடி இருப்பதைப் பார்த்து அந்தப் பெரியவர் சிரித்துக்கொண்டே, நீங்கள் எந்த ஊர்க்காரர்கள் என்று கேட்டார். செல்வராஜ் வாயைத் திறந்தார். சாந்தாவைப் பார்த்தார்.

"நாங்க திருநெல்வேலி" என்றாள் சாந்தா, சுத்தமான தில்லி இந்தியில். "அம்பாசமுத்திரம். ஆத்தங்கரை ஊர். தண்ணி அவ்வளவு ருசியா இருக்கும்."

செல்வராஜ் கை கழுவிவிட்டு வருகிறேன் என்று எழுந்து போனார். சாப்பிடவே ஆரம்பிக்கவில்லை, கை கழுவ என்ன இருக்கிறது. வெகுநேரம் கழித்துத்தான் வந்தார். பராத்தா ஆறிப்போயிருந்தது.

ஏன் அப்படிச் சொன்னாய் என்று அப்புறம் காலை நடையில் நான் அவளைக் கேட்டேன்.

"வீடு என் இஷ்டத்துக்கு ஆயிடுச்சு அக்கா" என்றாள். "ஊராவது அவரோடதா இருக்கட்டும்."